லிவிங் ஸ்மைல் வித்யா: கதைக்கு விருது, கலைஞருக்கு வீடு இல்லை

சங்கரன்கோவில் வட்டாரத்தில் கொடை என்றால் கூத்து இருக்கும். மகுடம் முழங்க, அண்ணாவி கதை பாட, பெண் வேடமிட்ட இருவர் விடிய விடிய ஆடும் கணியான் கூத்தை நம்மில் பலர் சிறுவயதில் அரைத்தூக்கத்தில் பார்த்திருப்போம். இன்று அதே கொடைகளில் கரகம், ஆடல் பாடல், டிஜே என்று மேடை மாறியிருக்கிறது. அந்த மேடைகளில் திருநங்கைகளும் ஆடுகிறார்கள். விசில் பறக்கிறது, செல்போன்கள் உயர்கின்றன. விடிந்ததும் அவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வருவார்கள். ராத்திரி விசிலடித்த அதே வாய் காலையில் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடும்.

எங்கள் வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு கல்லூரி மாணவர் கேட்டார்: "திறமை இருந்தா மேல வந்துரலாம்ல தோழர்? கலைக்கு ஏது சாதி, ஏது பால்?"

இந்தக் கேள்விக்கு ஒரு வாழ்க்கையை வைத்தே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறோம். எழுத்தாளர், நாடக நடிகர், கோமாளிக் கலைஞர், திரைப்பட உதவி இயக்குநர், அம்பேத்கரியச் செயற்பாட்டாளர் என்று ஒரே ஆளுக்குள் இத்தனை பேராக வாழ்கிற லிவிங் ஸ்மைல் வித்யாவின் வாழ்க்கை அது.

படிப்பும் ரயில் பெட்டியும்

1982இல் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்தவர் வித்யா. வளர்ந்தது திருச்சியில். பையன் படித்துப் பெரிய ஆளாக வேண்டும் என்பது அப்பாவின் கனவு. சேரிகளில் பல அப்பாக்களுக்கு இருக்கிற கனவுதான் அது. பிள்ளையின் படிப்பு ஒன்றே குடும்பத்துக்கு இருக்கிற ஒரே ஏணி என்பதால், அந்தக் கனவின் எடை முழுவதும் பிள்ளையின் முதுகில் ஏறும். வித்யா படித்தார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

பட்டம் கையில் இருந்தது. ஆனால் தன்னைப் பெண்ணாக உணர்கிற ஒருவர் பெண்ணாகவே வாழ்வதற்கு அந்தப் பட்டம் எந்தக் கதவையும் திறக்கவில்லை. புனே சென்று திருநங்கைகளோடு வாழ்ந்தார். மொழியியல் படித்தவர் ரயில் பெட்டிகளில் கைநீட்டிக் காசு கேட்டார். அந்தக் காசைச் சேர்த்துத்தான் ஆந்திரத்தின் கடப்பாவுக்குப் போய் 'நிர்வாணம்' எனப்படும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். பிறகு தமிழ்நாடு திரும்பி, மதுரையில் ஒரு கிராம வங்கியில் வேலை பார்த்தார். பிச்சையும் பாலியல் தொழிலும் மட்டுமே திருநங்கைக்கு விதிக்கப்பட்டவை என்று ஊர் நினைத்திருந்த காலம். சம்பளத்துக்கு ஒரு மேசையில் உட்கார்ந்து வேலை செய்வதே அப்போது ஒரு போராட்டமாக இருந்தது.

இவற்றையெல்லாம் அவரே எழுதினார். 'நான், வித்யா' 2007இல் கிழக்கு பதிப்பக வெளியீடாக வந்தது. திருநங்கைகளைப் பற்றி மற்றவர்கள் எழுதியதையே அதுவரை அதிகம் படித்திருந்த தமிழ் வாசகர்களுக்கு, 'நான்' என்று தொடங்கும் அந்தத் தலைப்பே புதிதாக இருந்தது. அறுவைச் சிகிச்சையின் வலியைச் சொன்ன அதே நேர்மையோடு, அரசு ஆவணங்களில் பெயரை மாற்ற அலைந்த அலைச்சலையும் அதில் எழுதினார்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தெருவில் இவர்களை 'அது' என்று சொல்கிறார்கள். நம் மொழியின் மிகப் பழைய இலக்கணமான தொல்காப்பியம் இவர்களை உயர்திணைக்குள் வைத்துத்தான் பேசுகிறது. அஃறிணைக்குத் தள்ளியது தமிழ் இலக்கணம் அல்ல, நம் வாய்.

தேசிய விருது யாருக்கு?

'நான், வித்யா' கன்னடத்தில் 'நானு அவனல்ல, அவளு' என்ற திரைப்படமானது. இயக்கியவர் பி.எஸ். லிங்கதேவரு. வித்யாவின் வாழ்க்கையை நடித்த சஞ்சாரி விஜய்க்கு, 2014ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் தேசிய விருது கிடைத்தது. 2021இல் விபத்தில் இறந்துபோன அந்த நடிகர் மீது நமக்கு எந்தக் குறையும் இல்லை. உழைத்து நடித்தார்.

ஆனால் இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள் தோழர்களே. கதைக்குச் சொந்தக்காரரும் ஒரு நடிகர்தான். தமிழ்நாட்டில் பல நாடக இயக்குநர்களிடம் நடித்தவர். 2013இல் சார்லஸ் வாலஸ் உதவித்தொகை பெற்று லண்டன் சென்று நாடகம் பயின்றவர். அவர் வாழ்க்கையை ஓர் ஆண் நடிக்க, நாடே கைதட்டியது. அதே நாட்டில் ஒரு திருநங்கை நடிகருக்கு எத்தனை வேடங்கள் எழுதப்படுகின்றன? சென்னையில் வாடகைக்கு ஒரு வீடு தேடித் தேடி அலைந்ததை வித்யா பல முறை பேசியிருக்கிறார். தேசிய விருது பெற்ற கதையின் நாயகிக்கு வீடு தர ஆளில்லை.

வேடம் தானாக வராது என்று தெரிந்ததும் மேடையை அவர்களே போட்டார்கள். ஏஞ்சல் கிளாடி, ஜீ இமான் செம்மலர் ஆகியோருடன் சேர்ந்து 2014இல் 'பன்மை' நாடகக் குழுவைத் தொடங்கினார் வித்யா. 'கலர் ஆஃப் டிரான்ஸ் 2.0' அவர்களுடைய முக்கியமான நாடகம். பரிதாபம் தேடாமல், தங்கள் வாழ்க்கையைத் தங்கள் உடலால் சொன்ன நாடகம் அது. சிரிக்க வைத்தார்கள். சிரித்தவர்களைப் பார்த்துக் கேள்வியும் கேட்டார்கள்.

சாதியை ஏன் இழுக்கிறார்?

"திருநங்கை என்ற ஒரு அடையாளம் போதாதா, இதில் சாதி எதற்கு?" என்று வித்யாவிடம் கேட்டவர்கள் உண்டு. திருநர் வெறுப்பே பார்ப்பனியத்தின் ஒரு வடிவம் என்பது அவர் தொடர்ந்து வைக்கிற வாதம். கேட்க முழக்கம்போல இருக்கும். ஆனால் இதன் வேர் அம்பேத்கரிடம் இருக்கிறது.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையில், அகமணமே சாதியின் உயிர் என்று காட்டினார் அம்பேத்கர். சாதி நீடிக்க வேண்டுமானால் யார் யாரை மணக்கலாம் என்பது கறாராகக் காக்கப்பட வேண்டும். ஆண் ஆணாகவும், பெண் பெண்ணாகவும், இருவரும் சொந்தச் சாதிக்குள்ளேயே மணந்து வாரிசு பெறவும் வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குள் அடங்காத உடலைக் குடும்பம் வெளியே தள்ளுகிறது. சாதி மாறிக் காதலித்த பெண்ணையும், பெண்ணாக மாறிய பிள்ளையையும் வீட்டை விட்டு விரட்டுவது ஒரே 'மானம்'தான். வித்யா சொல்வதை நாங்கள் இப்படித்தான் புரிந்துகொள்கிறோம்.

கலை மேடையிலும் இந்த ஏற்பாடு வேலை செய்கிறது. மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் கற்ற நர்த்தகி நடராஜ் 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். அவருடைய உழைப்புக்கு அது தகும், நமக்கும் பெருமை. ஆனால் கொடையில் கரகம் ஆடுகிற திருநங்கையின் ஆட்டத்தைக் கலை என்று எழுதவே நம் ஊர் நோட்டீஸ்களுக்குக் கை வருவதில்லை.

திறமைக்கு அப்பால்

வித்யா பின்னாளில் சுவிட்சர்லாந்து சென்று தஞ்சம் கோரினார். அங்கும் நாடகம் செய்கிறார். புத்தகம், மேடை, லண்டன் பயிற்சி எல்லாம் இருந்த ஒருவரால் இங்கே நிம்மதியாக வாழ முடியவில்லை என்றால், குறை நிச்சயமாகத் திறமையில் இல்லை.

மாணவரின் கேள்விக்கு எங்கள் பதில் இதுதான்: திறமை மேடை வரை கொண்டுபோகும். மேடையை விட்டு இறங்கிய பிறகு வாழ்வதற்கு உரிமை வேண்டும்.

2008இல் தமிழ்நாட்டில் நல வாரியம் வந்தது. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் திருநர்களைச் சமூக, கல்வி ரீதியாகப் பின்தங்கியோராகக் கருதி இடஒதுக்கீடு தரச் சொன்னது. ஆனால் ஏற்கெனவே பட்டியல் சாதியில் இருக்கிற ஒரு தலித் திருநங்கைக்கு, பிற்படுத்தப்பட்டோர் பிரிவில் இடம் என்பதால் என்ன பயன்? சாதியாகவா, திருநங்கையாகவா, ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடு என்றாகிவிடுகிறது. அதனால்தான் கிரேஸ் பானு போன்ற தலித் திருநங்கைத் தோழர்கள் கிடைமட்ட இடஒதுக்கீடு கேட்கிறார்கள். தமிழ்நாட்டு அரசு வேலைகளில் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெண்களுக்கு இடம் இருப்பதுபோல, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் திருநர்களுக்கு இடம் வேண்டும் என்பது கோரிக்கை. 2021இல் கர்நாடகம் தன் அரசுப் பணிகளில் 1 சதவீதம் இப்படி ஒதுக்கியது.

அரசிடம் கேட்பதோடு, நாமும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று நம் தெருக்களில் அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பந்தல் போடுகிறோம். மறுநாள் 15 திருநங்கையர் தினம். இந்த வருடம் அந்தப் பந்தலை இன்னும் ஒரு நாள் பிரிக்காமல் வைப்போம். நம் வட்டாரத்துத் திருநங்கைக் கலைஞர்களை அழைப்போம். நோட்டீஸில் அவர்கள் பெயரைக் 'கலைஞர்' என்று போடுவோம். பேசிய சம்பளத்தைக் குறைக்காமல் கொடுப்போம். ஆடி முடித்த பிறகு அவர்கள் தங்குவதற்கு நம் வீடுகளில் ஒன்றைத் திறந்து வைப்போம்.