தாராவி மறுசீரமைப்பும் 'பாத்ர' என்னும் சொல்லும்

மும்பைத் தாராவி முதலில் கோலி மீனவர் ஊர். பின்னர்க் குசராத்துக் குயவரும் திருநெல்வேலித் தோல் தொழிலாளரும் குடியேறினர். தெருவே தொழிலையும் மொழியையும் ஒருசேரக் காத்தது. 1985இல் பிரதமர் மானியத் திட்டமும், 2004இல் தாராவி மறுசீரமைப்புத் திட்டமும் வந்தன. 2022இல் அதானி குழுமத்தின் ஒப்பந்தப்புள்ளி தேர்வாயிற்று.

2000 சனவரி 1க்கு முன்பிருந்த தரைத்தளக் குடியினருக்கே தாராவியில் இலவச வீடு, ஏனையோருக்கு வேறிடம். மராத்தி ஆவணங்கள் இவர்களைப் 'பாத்ர', 'அபாத்ர' எனப் பகுக்கின்றன. தமிழில் 'பாத்திரம்' கலத்தையும் தகுதியுடையவரையும் குறிக்கும். 'அபாத்ர' என்பதைத் 'தகுதியற்றோர்' எனப் பெயர்த்தால் ஆளையே இழித்ததாகும். ஆவணம் அளப்பதோ குடியிருந்த காலத்தையும் தளத்தையுமே. 'வரையறைக்குட்படாதோர்' என்பதே பொருந்தும். இப்பகுப்பு நடைமுறையாகும்போது ஒரே தெருத் தமிழ்க் குடும்பங்கள் பிரியும். அவர்தம் பேச்சுவழக்கின் களமும் சுருங்கும்.