கடல் காணா வைகையும் கடைமடைக் கண்மாய்களும்

வைகை கடலில் சென்று கலப்பதில்லை என்பதற்கு நம் தனிப்பாடல் ஒன்று அழகான காரணம் கற்பிக்கிறது. சிவபெருமானுக்கு நஞ்சை அளித்தது கடல். அந்தப் பாவியின் முகத்தில் விழிக்க மதுரையின் ஆறு விரும்புமா என்பது அப்புலவரின் கேள்வி. நயமான கற்பனைதான். ஆயினும் வைகையின் போக்கைப் பார்த்திபனூருக்குக் கிழக்கே தொடர்ந்து சென்று பார்ப்பவர்களுக்கு வேறொரு காரணம் புலப்படும். ஆற்றை வழிமறித்தவை கண்மாய்கள். எஞ்சிய நீரும் இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. பெருவெள்ளக் காலங்களில் மட்டுமே மிச்சம் கிழக்கே ஆற்றங்கரைப் பக்கம் வழிந்து கடலைத் தொடுகிறது.

வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. வடகிழக்குப் பருவமழையின்போது சில நாட்கள் கரைபுரளும், பிறகு மணலாய்க் கிடக்கும். அந்தச் சில நாள் வெள்ளத்தை ஓராண்டுச் சோறாக மாற்றுவது எப்படி என்பதே சேது நாட்டு உழவரின் முன் நின்ற கேள்வி. நிலமோ ஏறத்தாழத் தட்டை. ஆழமான பள்ளத்தாக்கு ஏதும் இல்லை, எனவே பேரணைக்கும் இடமில்லை. மேற்கே திறந்த பிறைவடிவில் நீண்ட மண்கரை எழுப்பி, வாய்க்கால் வழியே வரும் வெள்ளத்தை ஆழமின்றி அகலமாகத் தேக்கினார்கள். வயலுக்கு மடை, உபரிநீர் வழியக் கலுங்கு. ஒரு கண்மாயின் கலுங்கு வழிந்தால் அந்நீர் அடுத்த கண்மாய்க்கு வரத்து. இராஜசிங்கமங்கலம் கண்மாயை நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய் என்று அப்பகுதி மக்கள் இன்றும் பெருமையோடு சொல்வர். நாரையும் ஒரே மூச்சில் கடக்க முடியாத அகலம் என்பது பொருள்.

இந்த ஏற்பாடு மண்ணால் மட்டும் நின்றதன்று. கரையை உயர்த்துவதும் வரத்துக்காலைத் தூர்வாருவதும் ஊரார் கடமை. மடை திறந்து முறைவைத்துப் பாய்ச்ச நீர்பாய்ச்சி என்றொரு தனி ஆள். பிட்டுக்கு மண் சுமந்த கதையில் வீட்டுக்கு இவ்வளவு கரை என்று பங்கு பிரித்து, வந்தியின் பங்கு அடைபடாததால்தானே பிரம்படி விழுகிறது? திருவிளையாடலைப் பக்தி நூலாகவே வாசித்துப் பழகிய நமக்கு, வெள்ளக்கரைப் பராமரிப்பு முறையின் சாயலும் அதில் படிந்திருப்பது எளிதில் கண்ணில் படுவதில்லை.

ஆனால் வைகையே வறண்டால் கண்மாய் என்ன செய்யும்? இந்தக் கவலையிலிருந்துதான் பெரியாற்று யோசனை பிறந்தது. தென்மேற்குப் பருவத்தில் மலைக்கு அப்பால் பெருகி அரபிக்கடலில் விழும் பெரியாற்றை கிழக்கே திருப்ப இயலுமா என்று ஆராய, 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆட்களை அனுப்பியவர் இராமநாதபுரத்துப் பிரதானி முத்திருளப்ப பிள்ளை. முடியும் என்று தோன்றியது. அதற்கான பொருள்தான் இல்லை. 1808-இல் ஆய்வு செய்த கால்டுவெல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதை வீண் கனவு என்று தள்ளிவிட்டார். (இவர் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் அல்லர்.) 1850-இல் தொடங்கிய சிறு முயற்சி மலைநோய்க்கும் கூலித் தகராறுக்கும் பலியானது.

தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவில் நிற்கும் 1876–78 பெரும்பஞ்சத்திற்குப் பிறகே அரசாங்கம் அசைந்தது. 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை; ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம் 8000 ஏக்கர். 1887-இல் வேலை தொடங்கியது. காடு, காய்ச்சல், கட்டியதை அடித்துச் செல்லும் வெள்ளம் ஆகிய மூன்றையும் எதிர்த்துப் பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணையை முடித்தார். 1895 அக்டோபரில், ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளமுள்ள சுரங்கத்தின் வழியே மேற்கு நோக்கிய நீர் கிழக்கே திரும்பி, சுருளியாறு வழியாக வைகையை அடைந்தது. அவருக்கு 2013-இல் லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் எழுப்பினார்கள். தகும். சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதையை மட்டும் கதையாகவே கொள்ளலாம். செலவு செய்தது சென்னை அரசாங்கம்.

நாம் இங்கே கேட்க விரும்புவது வேறு. வந்த நீர் எங்கே சென்றது? பேரணையில் அதைத் திருப்பிப் பெரியாற்றுப் பிரதானக் கால்வாயில் விட்டார்கள். மதுரை, மேலூர் பக்கத்துப் புன்செய்கள் நன்செய்களாயின. பஞ்சத்தில் துடித்த அம்மக்களும் நீருக்கு உரியவர்களே, ஐயமில்லை. ஆனால் முதலில் கனவு கண்ட இராமநாதபுரம் பட்டியலுக்கு வெளியே நின்றது. 1803 முதல் அது நிலையான பேஷ்குஷ் செலுத்தும் ஜமீன். அங்கே விளைச்சல் எவ்வளவு பெருகினாலும் அரசாங்கத்துக்கு வரும் பேஷ்குஷ் உயராது. ரயத்துவாரி நிலத்திலோ தண்ணீர் பாய்ந்தால் தீர்வை உயரும். கால்வாயின் திசையை மலைச்சரிவோடு இந்தக் கணக்கும் சேர்ந்தே வகுத்தது என்பது எம் கருத்து.

1959-இல் வைகை அணை வந்தபின் வெள்ளத்தின் சாவியும் மேட்டுக்குப் போயிற்று. பழைய வைகைப் பாசனத்தில் பன்னிரண்டு பங்குக்கு ஏழு பங்கு இராமநாதபுரத்துக்கு, மூன்று சிவகங்கைக்கு, இரண்டு மதுரைக்கு என்பது விதி. தாளில் பெரும்பங்கு கடைமடைக்குத்தான். ஆனால் வறண்ட மணற்படுகை முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்கிறது. மணல் அள்ளி ஆற்றுப்படுகை தாழ்ந்த இடங்களில் வாய்க்கால் தலைப்புகள் மேட்டில் நிற்க, வெள்ளம் அவற்றை எட்டாமலே கடந்துவிடுகிறது. வரத்துக்கால்களிலும் கண்மாய் உள்வாய்களிலும் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. நீர்பாய்ச்சிகள் அருகிவிட்டார்கள்.

2021 பிப்ரவரியில் காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கரூர் மாவட்டத்து மாயனூர்க் கதவணையிலிருந்து வினாடிக்கு 6,300 கனஅடி உபரி வெள்ளத்தை 262 கிலோமீட்டர் கால்வாயில் தெற்கே கொண்டுசெல்வது திட்டம். முத்திருளப்ப பிள்ளையின் யோசனையேதான், ஆறு மட்டும் வேறு. வழிநெடுக உள்ள ஏரிகளுக்கும் கண்மாய்களுக்கும் கொடுத்தபடி வரும் கால்வாய் இராமநாதபுரத்தைத் தொடுவது கடைசிப் பகுதியில்தான். முதற்கட்டம் என்று வகுக்கப்பட்டிருப்பதோ, மாயனூரிலிருந்து புதுக்கோட்டைச் சீமையின் தெற்கு வெள்ளாறு வரை.