கிட்னிக்கு முந்திய ஊசி

சித்தூரிலிருந்து வேலூர் பஸ்ஸில் ஒரு மணி நேரம். ராயவேலூர் என்றே சொல்கிறவர்கள் அந்தப் பக்கம் இன்னும் உண்டு. 1911 வரை இரண்டு ஊரும் வடார்க்காடு மாவட்டம்தான். கோடு பிரித்த பிறகும் பெரிய வியாதி வந்தால் சித்தூர்க்காரர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குத்தான் போனார்கள். இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதலில் வெற்றி கண்டது 1971-இல் அங்கேதான். திருப்பதியில் தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ் மருத்துவமனை 1993-இல்தான் வந்தது.

கிட்னி மாற்றக் காத்திருப்பவருக்கு டாக்டர் முதலிலேயே எழுதிக் கொடுக்கும் ஊசி ஒன்று உண்டு: ஹெபடைடிஸ் பி. "ஆபரேஷன் முடியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று தள்ளிப்போடக் கூடாது. புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க எதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்குகிறார்கள். அடங்கிய உடம்பில் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. உயிருள்ள கிருமியைக் கொண்ட தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகளோ நோயையே கொண்டுவரலாம். ஆபரேஷனுக்குப் பின் அவற்றைப் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். ஹெபடைடிஸ் பி ஊசியில் அந்தப் பயம் இல்லை. அதில் கிருமியே கிடையாது, அதன் மேலுறைப் புரதம் மட்டும்தான்.

அந்தப் புரதத்தை 1960-களில் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் கண்டவர் அமெரிக்கர் பாருக் பிளம்பெர்க். அதே காலத்தில் டயாலிசிஸ் அறைகளில் ஒருவர் ரத்தத்திலிருந்து இன்னொருவருக்கு மஞ்சள்காமாலை பரவிக்கொண்டிருந்தது. எடின்பரோவில் 1969-70-இல் நோயாளிகளோடு அவர்களைக் கவனித்த ஊழியர்களும் செத்துப்போனார்கள். 1981-இல் வந்த முதல் தடுப்பூசி, நோய் தொற்றியவர்களின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்தது. நன்றாகச் சுத்திகரித்ததுதான், ஆனாலும் எய்ட்ஸ் பரவிய நாட்களில் அடுத்தவர் ரத்தத்தில் செய்த ஊசிக்கு யார் கை நீட்டுவார்கள்? 1986-இல் புரதத்தின் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்து, ரத்தமே இல்லாமல் ஊசி செய்தார்கள். பயம் போயிற்று, அதிக விலை மட்டும் நின்றது.

அந்த விலையோடு மோதியவர் நெல்லூர் மாவட்டத்துக்காரர், எலக்ட்ரானிக்ஸ் படித்த வரப்பிரசாத் ரெட்டி. வெளிநாட்டில் இந்த ஊசியின் தொழில்நுட்பம் கேட்டுப் போனபோது இந்தியர்களை இளக்காரமாகப் பேசினார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார். அந்தக் கோபத்தில் 1993-இல் ஹைதராபாத்தில் தாயார் சாந்தம்மா பெயரில் சாந்தா பயோடெக்னிக்ஸைத் தொடங்கினார். ஓமன் வெளியுறவு அமைச்சர் யூசுஃப் பின் அலவி பணம் போட்டார். 1997 ஆகஸ்டில் அவர்களின் ஊசி ஷான்வாக்-பி வெளிவந்தது, டோஸ் சுமார் 50 ரூபாய்க்கு. இறக்குமதி ஊசி அதைப்போலப் பல மடங்கு.

கிட்னிக்காரர் வீட்டில்தான் இந்த விலை எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். மற்றவர்களுக்கு 20 மைக்ரோகிராமாக மூன்று தடவை போதும். டயாலிசிஸில் இருப்பவருக்கு 40 மைக்ரோகிராம், நான்கு தடவை: முதல் நாள், ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம். மூன்று டோஸ் விலைக்கு எட்டு டோஸ் விலை. மருந்துக்கும் பஸ்ஸுக்கும் ஏற்கெனவே கடன் வாங்கிய குடும்பம் நான்காவது ஊசியை விட்டுவிட்டால் அவர்களை எப்படிக் குறை சொல்வது?

கடைசி ஊசி போட்டு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்து ஆன்டிபாடி அளவு பார்க்கிறார்கள். மில்லிலிட்டருக்கு 10 மில்லி-யூனிட்டாவது வந்தால் பிடித்துவிட்டது. வராவிட்டால் முதல் ஊசியிலிருந்து மறுபடி ஆரம்பம்.