மருத்துவ ஆய்விலக்கியத் தேடல்

உடல்நலம் பற்றிய ஒரு கேள்விக்கு விடை தரும் ஆய்வுக் கட்டுரைகளைத் தரவுத்தளங்களில் முறைப்படி தேடிச் சேர்க்கும் பணி மருத்துவ ஆய்விலக்கியத் தேடல் எனப்படும். வேண்டிய கட்டுரை எதுவும் விடுபடாதிருப்பது தேடலின் முழுமை. வேண்டாதவை வந்து குவியாதிருப்பது அதன் துல்லியம். ஒன்றைக் கூட்டினால் பெரும்பாலும் மற்றது குறையும்.

வரலாறு

அமெரிக்க ராணுவ மருத்துவர் ஜான் ஷா பில்லிங்ஸ் 1879-ல் ‘இண்டெக்ஸ் மெடிகஸ்’ என்ற அச்சு அட்டவணையைத் தொடங்கினார். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960-ல் ‘மெஷ்’ என்னும் பொருள்தலைப்புப் பட்டியலையும், 1971-ல் மெட்லைன் என்னும் கணினித் தேடல் சேவையையும் கொண்டுவந்தது. 1997 முதல் பப்மெட் என்ற இணையதளம் வழியாக மெட்லைனில் யாரும் இலவசமாகத் தேட முடிகிறது.

கேள்வியும் சொற்களும்

நோயாளி, சிகிச்சை, ஒப்பீடு, விளைவு என்று கேள்வியைப் பிரிக்கும் முறைக்கு ‘பிக்கோ’ என்று பெயர். ‘நீரிழிவுக் கால்புண்ணுக்கு வழக்கமான கட்டைவிடத் தேன் கட்டு விரைவில் குணம் தருமா?’ என்ற கேள்வியில் கால்புண், தேன் ஆகிய இரண்டையும் தேடினால் பொதுவாகப் போதும். ஒப்பீடும் விளைவும் கட்டுரைச் சுருக்கத்தில் இடம்பெறாமல் போகலாம் என்பதால் அவற்றைச் சேர்ப்பது நல்ல கட்டுரைகளை இழக்கச் செய்யும்.

கட்டுரையாசிரியர் எந்தப் பெயரில் எழுதியிருந்தாலும், ‘டயபெடிக் ஃபுட்’ என்ற மெஷ் தலைப்பு அந்நோய் பற்றிய கட்டுரைகளை ஒன்றுசேர்க்கிறது. ஆனால் பப்மெட்டின் எல்லாப் பதிவுகளுக்கும் மெஷ் தலைப்பு இடப்படுவதில்லை. ஆகவே கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரக்கூடிய வழக்குச் சொற்களையும், பிரிட்டிஷ், அமெரிக்க எழுத்து வேறுபாடுகளையும் சேர்த்தே தேட வேண்டும்.

இணைத்தலும் நீக்கலும்

ஒரே கருத்தின் மாற்றுச் சொற்களை ‘ஆர்’ (OR) என்ற தேடல் கட்டளைச் சொல் இணைக்கிறது. வெவ்வேறு கருத்துகளை ‘அண்ட்’ (AND) இணைக்கிறது. ‘நாட்’ (NOT) கொண்டு நீக்கும்போது மிகுந்த கவனம் தேவை. விலங்காய்வுகளை அப்படியே நீக்கினால், விலங்குகளையும் மனிதர்களையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரைகளும் மறைந்துவிடும். விலங்குகளை மட்டும் ஆராய்ந்தவை நீங்கும்படி கட்டளையை எழுதுவதே சரி.

விடுபடுதலின் விளைவு

2001-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்துமா ஆய்வு ஒன்றில், ஹெக்சாமெத்தோனியம் மருந்தைச் சுவாசித்த ஆரோக்கியமான இளம்பெண் ஒருவர் நுரையீரல் பாதிப்பால் இறந்தார். அம்மருந்தால் நுரையீரலுக்கு ஊறு நேரக்கூடும் என்பதை 1950-களின் கட்டுரைகள் காட்டியிருந்தன. ஆய்வாளர் தேடிய பப்மெட்டில் அன்று 1966-க்கு முந்தைய கட்டுரைகள் இல்லை. தேடும் தளம் எந்த ஆண்டிலிருந்து தொடங்குகிறது என்று பார்ப்பது உயிர் காக்கும் கடமை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

பதிவு

ஒரே தளத்தை நம்பாமல் எம்பேஸ், காக்ரேன் நூலகம், செவிலியர் துறைக்கான சினால் ஆகியவற்றிலும் தேடுவது முறைசார் மீளாய்வுகளின் வழக்கம். தேடிய தளங்கள், தேதி, முழுத் தேடல் வரி அனைத்தையும் வெளியிட வேண்டும் என 2021-ல் வந்த ‘பிரிஸ்மா-எஸ்’ வழிகாட்டி வலியுறுத்துகிறது. அப்போதுதான் தேடலை மற்றொருவர் மீண்டும் நடத்திச் சரிபார்க்கவும், புதிய கட்டுரைகள் வரும்போது புதுப்பிக்கவும் முடியும்.