முப்பதடித் தெருவுக்கு எந்த லென்ஸ்?

ரங்கூனின் நகரமையம் அடிக்கணக்குப் பார்த்துப் போட்ட ஊர். 1852 போரில் ஆங்கிலேயர் நகரைப் பிடித்ததும், மருத்துவர் வில்லியம் மான்ட்கோமரி முன்வைத்த யோசனையைத் திருத்தி, பொறியாளர் அலெக்சாண்டர் ஃபிரேசர் ஆற்றங்கரையில் கட்டம் கட்டமாகத் தெருக்களை வகுத்தார். பெருஞ்சாலைகள் 100 அடி, நடுத்தரத் தெருக்கள் 50 அடி, பெயரில்லாமல் எண்ணால் அழைக்கப்படும் சிறு தெருக்கள் 30 அடி.

சிறிய சென்சார் கொண்ட தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆரைத் தன் முதல் கேமராவாக வாங்கியவர் இன்று அந்தச் சிறு தெருவொன்றில் நுழைந்தால், அவருக்கு ஏற்ற லென்ஸை முடிவு செய்வது அந்த 30 அடிதான். முதுகைச் சுவரில் ஒட்டி நின்றாலும், 50 மி.மீ. லென்ஸில் எதிர்ச்சுவர் சுமார் 14 அடி அகலமே அடங்கும். 18 மி.மீ.யில் ஏறத்தாழ 38 அடி. ஒரு கட்டடம் முழுதாகத் தெரிவதற்கும் ஒரு பால்கனியும் கொஞ்சம் துணிக்கொடியும் மட்டும் தெரிவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

தெருக்கள் அளக்கப்பட்ட அதே காலத்தில்தான் கேமராவும் இந்த ஊருக்கு வந்தது. ஜான் மெக்காஷ் வங்காளப் படையின் மருத்துவர். பஞ்சாபில் சிறிய கேமராவில் பழகியிருந்தவர், பர்மாப் போருக்கு அதைவிடப் பெரியதைக் கொண்டுவந்து ரங்கூனிலும் புரோமிலும் படமெடுத்தார். இந்தியாவுக்குப் புறப்படும் இளம் அதிகாரிகளுக்காக 1856இல் அவர் வெளியிட்ட நூலில் கேமரா வாங்குவதற்கும் யோசனை உண்டு: பித்தளைப் பூண் போட்ட உறுதியான மகாகனிப் பெட்டியாக வாங்குங்கள், மடித்து எடுத்துப் போகலாம் என்று விற்கும் லேசான பெட்டிகள் இந்த வெயிலுக்குத் தாங்காது. விளம்பரத்தை நம்பாமல் ஊரின் வெயிலைக் கேட்டு வாங்கச் சொன்ன அந்த மனிதரை, வாங்கும் வழிகாட்டி எழுதும் எல்லோருக்கும் முன்னோடி என்றே சொல்லலாம்.

அவருக்குப் பின் வந்தவர் தமிழ்நாட்டுக்கு நெருக்கமானவர். சென்னைப் படையின் 12ஆம் காலாட்படைப் பிரிவைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப், 1855இல் மிண்டோன் மன்னரைக் காண அமரபுரம் சென்ற ஆர்தர் ஃபேயரின் தூதுக்குழுவில் படப்பிடிப்பாளராகப் போனார். ஏறத்தாழ 10க்கு 14 அங்குல அளவுள்ள மெழுகூட்டிய காகித நெகடிவ்கள். லென்ஸ் நெடுநேரம் திறந்திருக்க வேண்டியிருந்ததால் நடப்பவர்கள் படத்தில் பதியாமலே போனார்கள். நோயும் மழையும் நாட்களைத் தின்றன. வெளுத்துப்போன வானத்தில் மேகங்களை நெகடிவ் மேல் கையால் வரைந்து சேர்த்தார். ரங்கூனின் ஷ்வேடகன் பகோடா உட்பட 120 காட்சிகள் தொகுப்பாக வெளிவந்தன.

பிறகு சென்னை அரசின் படப்பிடிப்பாளராக மதுரை, திருவரங்கம், புதுக்கோட்டை என்று சுற்றினார். 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்வெட்டு எழுத்துகளைப் படிக்கும்படி எடுக்க வேண்டியிருந்தது. தள்ளி நின்றால் எழுத்து தேய்ந்துவிடும். நெருங்கினால் சுவர் அடங்காது. டிரைப் சுவரோரமாகத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளப் படமாக்கினார். அகன்ற லென்ஸ் கையில் இல்லாதவருக்கு இன்றும் இதைவிட நல்ல வழி கிடையாது. ரங்கூன் தெருவிலும் பக்கவாட்டில் நகர்ந்து நாலைந்து படம் எடுத்துக் கணினியில் சேர்க்கலாம்.

1880 வாக்கில் மௌல்மீனிலிருந்து ரங்கூனுக்கு வந்த ஜெர்மானியர் பிலிப் கிளியர், கொழும்பின் ஸ்கீன் குடும்பத்தார், பஞ்சாபியான அகூஜா என ஸ்டுடியோக்காரர்கள் பெருகினார்கள். ஆனால் கழுத்தில் தொங்கவிட்டு நடக்கும் கேமரா பரவியது 1925இல் லைக்கா விற்பனைக்கு வந்த பிறகுதான். சினிமா ஃபிலிமில் 36 படங்கள், 50 மி.மீ. லென்ஸ்.

அடுத்த பத்தாண்டில் ரங்கூனில் 'தனவணிகன்' இதழின் ஆசிரியராக இருந்த கோட்டையூர் இளைஞர் ஏ.கே. செட்டியார், அங்கிருந்து டோக்கியோ சென்று புகைப்படக்கலை படித்தார். பின்பு நியூயார்க்கிலும் பயின்றார். 1940இல் வெளியான காந்தி ஆவணப்படம் அவர் உருவாக்கியது. ரங்கூன் தமிழர் வரலாறு என்றால் வட்டிக்கடையும் அரிசி ஆலையும்தான் பேசப்படுகின்றன. இந்தக் கேமராக்காரருக்கும் அதில் இடம் வேண்டும்.

லைக்காவின் 50 மி.மீ. காட்டிய அகலத்தை, சிறிய சென்சார் கொண்ட தொடக்கநிலை டி.எஸ்.எல்.ஆரில் ஏறக்குறைய 35 மி.மீ. தரும். அதற்கு இருபுறமும் இடம்விட்டு அமைந்தது 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ். 2003இல் கேனான் 300டி கேமராவோடு சேர்த்து விற்கப்பட்டது முதல், கேமராவோடு வருவதுதானே என்று பலர் அதை மதிப்பதில்லை. ரங்கூனில் சுற்ற அதுவே போதும். 18-200 போன்ற கனமான ஜூம்கள் தொலைவை நெருக்கித் தரும். இங்கே தேவைப்படுவது தொலைவில்லை.

மிச்சப்படும் பணத்தில் 35 மி.மீ. எஃப் 1.8 ஒன்று வாங்கினால், அனவ்ரதா சாலையில் இருட்டிய பின் தள்ளுவண்டி விளக்குகளின் வெளிச்சத்திலேயே எடுக்கலாம். மே முதல் அக்டோபர் வரை ஓயாத மழை. கண்ணாடியில் பூஞ்சை பிடிக்கும். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படியும். பையைத் திறக்காமல் ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம் பொறுத்துவிட்டு எடுப்பது நல்லது.