எட்டுக் குமிழ்க் கட்டை

டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற சிற்றூர். வேலை வறண்டுபோன 1932-இல் அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் மரப் பொம்மை செய்ய இறங்கினார். சில வருஷம் கழித்து அவர் வைத்த பேர்தான் லெகோ. ‘நன்றாக விளையாடு’ என்ற டேனிஷ் சொற்களின் சுருக்கம். பிளாஸ்டிக் கட்டை வந்தது 1949-இல். அதுவும் சொந்த யோசனை என்று சொல்ல முடியாது, பிரிட்டனின் கிடிகிராஃப்ட் கட்டையைப் பார்த்துச் செய்தது. மேலே குமிழ், அடியில் வெறும் குழி. அடுக்கினால் நிற்கும், தூக்கினால் கழன்றுவிடும்.

1958 ஜனவரி 28 அன்று மகன் கொட்ஃப்ரெட் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அடிக்குழிக்குள் சில குழாய்கள், அவ்வளவுதான் மாற்றம். கீழ்க்கட்டையின் குமிழ் இப்போது சுவருக்கும் குழாய்க்கும் நடுவே இறுகிக்கொண்டது. கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடலாம். பிரிக்க வேண்டுமென்றால் பிள்ளையின் விரலே போதும். அன்றைய கட்டை இன்றைக்கு வாங்கும் கட்டையோடும் பொருந்தும். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்கு இது சின்ன விஷயமே இல்லை. மனிதர்கள் நேற்று ஒரு மாதிரி, இன்று ஒரு மாதிரி பேசுவார்கள். கட்டை அப்படி ஏமாற்றாது.

கட்டையைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுபோனவர்களும் அப்படிப்பட்ட பிள்ளைகள்தான். அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெகாஃபின் காத்திருப்பு அறையில், அதுவரை ஒருவரையொருவர் கண்டுகொள்ளாத இரண்டு பையன்கள் ஒருநாள் தற்செயலாக ஆளுக்கொரு லெகோ பொம்மையோடு வந்தார்கள். பேச்சு தானாகத் தொடங்கியது. லெகாஃப் அதைப் பிடித்துக்கொண்டு லெகோ கிளப் நடத்தினார். 47 பிள்ளைகள் பழகும் விதத்தில் கண்ட மாற்றத்தை 2004-இல் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். கிளப்பின் விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று: உடைத்தால் நீயே சரிசெய், முடியாவிட்டால் உதவி கேள். மன்னிப்புக் கேட்கச் சொல்லி மல்லுக்கட்டும் பெரியவர்களுக்கு இது தோன்றாது.

பிறகு கட்டை இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. 250 பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய சோதனையில் பலன் தெரிந்தது, ஆனால் கொஞ்சம்தான். ‘லெகோ தெரபி’ என்று போர்டு மாட்டி அற்புதம் விற்பவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது. பிள்ளையை ‘மற்றவர்கள் மாதிரி’ ஆக்குகிறேன் என்று கிளம்புவதிலும் எனக்குச் சம்மதமில்லை. பெட்டியின் விலையைப் பார்த்து மலைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வேலை செய்வது பிராண்டு அல்ல, மேஜையைச் சுற்றி நடக்கும் ஏற்பாடு.

மூன்று பிள்ளைகள் உட்காருவார்கள். பொறியாளரிடம் படத்தாள் மட்டும். கட்டையை அவர் தொடக் கூடாது. சப்ளையரிடம் கட்டைகள். கட்டுபவரிடம் இரண்டு வெறுங்கைகள். “சிவப்பு ஒண்ணு” என்கிறான் பொறியாளன். ஆறு குமிழ்க் கட்டை கைமாறுகிறது. “அது இல்ல!” “எது இல்ல? கலரா, சைஸா?” கொஞ்சம் எரிச்சல், கொஞ்சம் மௌனம். படத்தில் குமிழ்களை விரலால் எண்ணுகிறான். “எட்டு. எட்டு உள்ளது.” கூட இருக்கும் பெரியவர் வாயே திறக்கவில்லை. மூவரில் ஒருவர் சொல்லாவிட்டாலோ கேட்காவிட்டாலோ வீடு எழும்பாது, அது அவர்களுக்கே தெரிகிறது.

ஜன்னல் வைத்து முடித்ததும் ஆள் மாறுகிறார்கள். இவ்வளவு நேரம் “அது இல்ல” என்று அதட்டியவன் இப்போது கட்டுபவன். கையை நீட்டியபடி எதிரில் இருப்பவனின் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கிறான்.