இளையோருக்கு ஏற்படும் உளப்பிறழ்வு: தொடக்கநிலைச் சிகிச்சையும் குடும்பத்தின் துணையும்

சைக்கோசிஸ் எனப்படும் உளப்பிறழ்வு, உண்மை எது, மனத்தின் தோற்றம் எது எனப் பிரித்தறிய இயலாத நிலையாகும். எவரும் பேசாதபோதும் குரல்கள் கேட்கலாம். தம்மை யாரோ கண்காணிக்கிறார்கள், உணவில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற அசையாத நம்பிக்கை தோன்றலாம். பெரும்பாலும் பதின்பருவத்தின் பிற்பகுதியிலும் இருபதுகளிலும் இது முதன்முறையாக வெளிப்படுகிறது.

அதற்குச் சில மாதங்கள் முன்பே உறக்கம் குலைதல், நண்பர்களைத் தவிர்த்தல், படிப்பில் பின்தங்குதல், காரணமற்ற ஐயம் ஆகியவை தென்படக்கூடும். இவற்றைச் சோம்பல் என்றோ காதல் தோல்வி என்றோ கருதிக் குடும்பத்தினர் காத்திருப்பது இயல்பே. ஆயினும், சிகிச்சையின்றிக் கழியும் காலம் நீளுமளவுக்கு மீட்சியும் கடினமாகிறது.

மருத்துவர் முதலில் தைராய்டு கோளாறு, வலிப்பு, கஞ்சா முதலிய போதைப்பொருள் பயன்பாடு போன்ற பிற காரணங்கள் உள்ளனவா என ஆராய்வார். பின்னர் உளப்பிறழ்வுக்கான மாத்திரைகள் குறைந்த அளவில் தொடங்கப்படும். உடல் எடை கூடுதல், மயக்கம், தசை இறுக்கம் ஆகியவை ஏற்பட்டால் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். அளவையோ மருந்தையோ மாற்ற இயலும். குணமடைந்தபின் தாமாக மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு முதன்மைக் காரணம். பொதுவாக ஓராண்டுக்குக் குறையாமல் மருந்தைத் தொடர அறிவுறுத்தப்படுகிறது. மருந்துடன் உளவியல் ஆலோசனையும், படிப்பையோ வேலையையோ மீண்டும் தொடர்வதற்கான உதவியும் தேவை.

குரல் கேட்கிறது என்பவரிடம் வாதிடுவதால் பயனில்லை, ஆமோதிப்பதும் தவறு. “உனக்குக் கேட்கிறது என்பது எனக்குப் புரிகிறது; எனக்குக் கேட்கவில்லை. நீ பயந்திருக்கிறாய், நான் உடன் இருக்கிறேன்” என்று சொல்லலாம். வீட்டில் கண்டிப்பும் குறைகூறலும் குறைந்தால் நோய் மீளும் வாய்ப்பும் குறைகிறது.

வழிபாட்டுத் தலங்களுக்குச் செல்வது குடும்பத்தின் விருப்பம். அதற்காகச் சிகிச்சையைத் தள்ளிவைக்கலாகாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் நேர்ந்த தீ விபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்ப இயலாமல் உயிரிழந்தனர். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, எவ்வகையிலும் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் ஆலோசனை பெறலாம். டெலி மானஸ் சேவையை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே தொடர்புகொள்ளலாம். பராமரிப்பவர் தம் களைப்பைக் குறித்தும் பேசலாம். தற்கொலை எண்ணமோ, பிறரைத் தாக்குமாறு பணிக்கும் குரலோ இருப்பின் தனியே விடாமல், 108 அவசர ஊர்தியை உடனே அழைக்கவும்.